எல்லை தாண்டி வரும் ட்ரெயிலர் சாமான்: எதை எந்த வழியில் எடுப்பது?

வாகனத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் என் ட்ரெயிலரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கி ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்கக் கடையொன்றின் தளத்தில் 62 டொலர், அனுப்புவது இலவசம் என்று போட்டிருந்தது. கனடாவில், நான் இருக்கும் ஒன்ராறியோவில், அதே ஜாக்கிக்கு வரிக்கு முன் 115 கனடிய டொலர் கேட்டார்கள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அமெரிக்காவில் ஓடர் போட்டேன். ஐந்தாம் நாள் கூரியர்காரர் கதவைத் தட்டி 48 டொலர் கேட்டார். அதில் அரசுக்குப் போகும் வரி 11 டொலர்தான். மிச்சம் 37 டொலரும் சுங்கத் தாளை எழுதியதற்கும் என் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்குமான கூலி. 62 அமெரிக்க டொலர் அன்றைக்கு 87 கனடிய டொலர். 87 உம் 48 உம் 135. உள்ளூர்க் கடையில் வரியோடு 130 இற்கு முடிந்திருக்கும், அன்று பின்னேரமே பூட்டியும் இருக்கலாம்.

அந்த ஜாக்கிக்குப் பிறகு அமெரிக்காவில் வாங்குவதை நான் நிறுத்தவில்லை. எந்தச் சாமானை எந்த வழியால் எடுப்பது என்று முதலில் முடிவெடுத்துவிட்டுத்தான் விலை பார்க்கிறேன். வழிகள் ஐந்து: கூரியர், தபால், எல்லையோர டிப்போவில் போய் எடுப்பது, பாரவண்டிச் சரக்கு, பேசாமல் இங்கேயே வாங்குவது. இது சொந்தப் பாவனைக்கு வாங்குகிறவர்களுக்கான கணக்கு. கடை நடத்துபவர்களுக்கு 2024 ஒக்டோபரில் இருந்து கனடா எல்லைச் சேவைகள் முகமையின் கார்ம் என்ற இணையத்தளத்தில் பதிவு, இறக்குமதிக் கணக்கு என்று தனி உலகம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிய வைக்கவேண்டும். எல்லையில் கட்டும் 13 வீத எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரியைப் பலரும் "மேலதிகச் செலவு" என்று திட்டுகிறார்கள். ஒன்ராறியோக் கடையில் வாங்கினாலும் அந்த 13 வீதம் போகத்தான் போகிறது. ஆகவே இரண்டு பக்கமும் வரிக்கு முன் விலையை ஒப்பிடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் வரிக்குப் பின். ஒரு பக்கம் முன், மறுபக்கம் பின் என்று வைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். உண்மையில் கூடுதலாக வருபவை நான்கு: அனுப்புச் செலவு, சுங்கத் தரகுக் கட்டணம் (என்னிடம் வாங்கிய அந்த 37 டொலர் கூலி), சில பொருள்களுக்கு இறக்குமதித் தீர்வை, சில வழிகளில் அமெரிக்க மாநில விற்பனை வரி. எந்த வழி என்பதைப் பொறுத்து இந்த நான்கும் ஏறி இறங்கும்.

கூரியர்

2020 யூலை 1 இல் புதிய வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததில் இருந்து, அமெரிக்காவிலோ மெக்சிகோவிலோ இருந்து கூரியரில் வரும் பொதியின் பெறுமதி 40 கனடிய டொலருக்குள் என்றால் வரியும் இல்லை, தீர்வையும் இல்லை. 40 இல் இருந்து 150 வரை விற்பனை வரி மட்டும். 150 ஐத் தாண்டினால் இரண்டும். நூற்று ஐம்பதை மனதில் வைத்திருங்கள். பெயரிங், பிரேக் காந்தம், விளக்கு, வயர்ச் சொருகி போன்ற சின்னச் சாமான்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் தீர்வை இல்லை என்பதற்காகத் தரகுக் கட்டணம் இல்லாமல் போகாது. தரைவழிச் சேவையில் அந்தக் கட்டணம் தனியாக, பெறுமதிக்கு ஏற்றபடி படி படியாக ஏறும். விமானச் சேவைகள் பலவற்றில் அது அனுப்புச் செலவுக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் மலிவான தரைவழியைத் தெரிவுசெய்து வாசலில் ஏமாறுகிறவர்கள் அதிகம். என்னுடைய ஜாக்கி வந்ததும் தரைவழிதான். வரி, தரகு எல்லாவற்றையும் பணம் கட்டும் பக்கத்திலேயே சேர்த்து வாங்கும் விற்பனையாளர் கிடைத்தால், தொகை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் அவரிடமே வாங்குங்கள். அதற்குமேல் வாசலில் கேட்க ஒன்றும் இருக்காது.

இன்னொரு வழி, பொதியை நாங்களே சுங்கத்தில் விடுவிப்பது. சட்டப்படி இதற்கு எங்களுக்கு உரிமை உண்டு. பொதி வந்து சேர முன்னரே கூரியர் நிறுவனத்துக்குச் சொல்லி, பொதியின் விபரத்தையும் இன்வொய்ஸையும் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சுங்க அலுவலகத்துக்குப் போய், வரியை மட்டும் கட்டி, அந்தப் பற்றுச்சீட்டைக் கூரியருக்குக் காட்ட வேண்டும். ஒருமுறை செய்தேன். தொலைபேசியில் மூன்று பேரிடம் ஒரே கதையைச் சொல்லி, அரைநாள் வேலையை விட்டுப் போனேன். சுங்க அலுவலகத்தில் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை, கூரியரோடு மல்லுக்கட்டியதுதான் மிச்ச நேரம். தரகு நூறு டொலரைத் தாண்டும் பொருளுக்கு இது பெறுமதியான வேலை. நாற்பது டொலருக்காக நான் இனிச் செய்யமாட்டேன்.

ட்ரெயிலர் சாமான்களுக்குக் கூரியரில் உள்ள பெரிய பொறி எடையல்ல, இடம். பெட்டியின் நீள அகல உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 139 ஆல் வகுத்து வரும் இறாத்தலை "எடை" என்று எடுத்துக்கொள்கிறார்கள், உண்மையான எடை அதைவிடக் குறைவாக இருந்தால். கூரைத் துவாரத்துக்குப் போடும் பிளாஸ்டிக் மூடி ஒன்று 24 க்கு 24 க்கு 12 அங்குலப் பெட்டியில் வருகிறது என்று வைப்போம். உள்ளே இருப்பது ஒரு கையால் தூக்கக்கூடிய பொருள். கூரியர் கணக்கிலோ 50 இறாத்தல். சில்லு மறைப்பு, படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் இந்தச் சாதிதான்: காற்றுக்குக் காசு கட்டுகிறோம். மாறாக, லீஃப் ஸ்பிரிங், ஹப், ஹிட்ச் பந்து (வாகனத்தோடு ட்ரெயிலரைக் கொளுவும் பந்து) போன்ற இரும்புக் கட்டிகள் சின்னப் பெட்டிக்குள் பாரமாக இருக்கும், அவற்றுக்கு உள்ள எடைக்கே கட்டணம். பார்க்கும்போது "ஐயோ, பாரம்" என்று பயப்படுகிற சாமான் சில நேரம் பிளாஸ்டிக் மூடியைவிட மலிவாக வந்து சேரும்.

நீளத்துக்கும் எல்லை உண்டு. யூ.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் தரைவழிச் சேவை இரண்டிலும் 150 இறாத்தல், 108 அங்குல நீளம், நீளமும் சுற்றளவும் சேர்த்து 165 அங்குலம். ட்ரெயிலரின் பக்கத்தில் நிழலுக்கு விரிக்கும் ஓனிங் 16 அடி என்றால் 192 அங்குலம். அது கூரியரில் வரவே வராது. அதற்கு முன்னரே மேலதிக நீளம், மேலதிகக் கையாளல் என்று கட்டணங்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும்.

தபால்

பலர் தபாலைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு ஐந்தில் மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் அதற்குள் அடங்கும் சாமானுக்கு மட்டும். அமெரிக்கத் தபாலில் வந்து கனடாத் தபால் கையில் தரும் பொதிக்குத் தரகு என்று ஒன்று கிடையாது. வரி கட்டவேண்டி இருந்தால் 9.95 டொலர் கையாளற் கட்டணம், பெறுமதி எதுவானாலும் அதே தொகை. வரி இல்லை என்றால் அதுவும் இல்லை. எடை 66 இறாத்தலுக்குள், அதாவது 30 கிலோவுக்குள் இருக்கவேண்டும்.

இரண்டு குறை. ஒன்று, 40, 150 என்ற மேலே சொன்ன சலுகை தபாலுக்குப் பொருந்தாது. இங்கே விலக்கு 20 கனடிய டொலர் மட்டும். இரண்டு, சுங்கத்தில் பொதி எவ்வளவு நாள் கிடக்கும் என்று எவராலும் சொல்லமுடியாது. கடலோரம் போகும் வார இறுதிக்கு முதல்வாரம் பிரேக் சாமானைத் தபாலில் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். ஆவணி மாதத்தில் அடுத்த வருடத்துக்கு வாங்குகிற ஆளென்றால் தபாலை மிஞ்ச எதுவும் இல்லை. சிக்கல் என்னவென்றால், விற்பனையாளர்கள் பலர் தபாலில் அனுப்பச் சம்மதிப்பதில்லை. கேட்டுப் பாருங்கள்; சிறு கடைகள் சில சமயம் இணங்கும்.

எல்லையோர டிப்போ

லூயிஸ்டன், நயாகரா ஃபோல்ஸ், பஃபலோ, கிழக்கே ஒக்டென்ஸ்பேர்க், மேற்குக் கரையில் பிளெய்ன், பொயின்ட் றொபேர்ட்ஸ் என்று எல்லையோரத்து அமெரிக்க ஊர்களில் பொதி வாங்கி வைக்கும் டிப்போக்கள் உண்டு. அமெரிக்க முகவரிக்கே சாமான் போவதால் அனுப்புச் செலவு உள்ளூர்ச் செலவு, பல கடைகளில் இலவசம். தரகு இல்லை. டிப்போவுக்கு ஒரு சிறு கட்டணம் கொடுத்து எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் சுங்கத்தில் இன்வொய்ஸைக் காட்டி வரியைக் கட்டினால் முடிந்தது.

இந்த வழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக ஒரு செலவை மறந்துவிடுகிறார்கள்: மாநில விற்பனை வரி. நயாகரா கவுண்டியில் 8 வீதம், பஃபலோ இருக்கும் ஈரி கவுண்டியில் 8.75 வீதம். சாமான் அந்த முகவரிக்குப் போவதால் அந்த வரி விழும். கனடாக்காரர் என்பதற்காக நியூயோர்க் மாநிலம் அதைத் திருப்பித் தருவதில்லை. இன்னும் கொடுமை, கனடா சுங்கம் எச்.எஸ்.டி. கணக்கிடும்போது நீங்கள் கட்டிய அந்த அமெரிக்க வரியையும் பெறுமதியோடு சேர்த்துக்கொள்ளும். வரிக்கு மேல் வரி.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ட்ரெயிலரின் எடையைச் சமமாகப் பரப்பும் ஹிட்ச் (கொளுவி) ஒன்று, 600 அமெரிக்க டொலர், அமெரிக்கத் தயாரிப்பு, மேலதிகத் தீர்வை எதுவும் இல்லை என்று வைப்போம். ஒரு அமெரிக்க டொலர் 1.40 என்றால் 840 கனடிய டொலர். லூயிஸ்டனில் 8 வீதம் சேர்ந்தால் 907.20. அதன்மேல் 13 வீதம் 117.94. மொத்தம் 1,025.14. ஒன்ராறியோக் கடையில் அதே ஹிட்ச் 960 என்றால் வரியோடு 1,084.80. தளத்தில் பார்க்கும்போது 120 டொலர் வித்தியாசமாகத் தெரிந்தது எல்லை தாண்டி வந்தபோது 60 டொலருக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கிவிட்டது. அந்த அறுபதுக்குள் டிப்போக் கட்டணம், பாலம் கடக்கும் கட்டணம், ரொறன்ரோவில் இருந்து போய் வர ஏறத்தாழ 260 கிலோமீற்றருக்கான பெற்றோல். ஒரே ஒரு ஹிட்ச்சுக்காகப் போனால் மிஞ்சுவது களைப்புத்தான்.

ஆகவே டிப்போ என்பது சேர்த்து எடுக்கிறவர்களுக்கான வழி. குளிர்காலம் முழுக்க ஒன்றொன்றாக அனுப்பி வைத்துவிட்டு, வசந்தத்தில் ஒரே பயணத்தில் நாலைந்து பெட்டியை ஏற்றி வந்தால் கணக்கு உதைக்காது. நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஆனால் ஒவ்வொருவருடைய இன்வொய்ஸையும் தனித்தனியாக, உண்மையான விலையோடு காட்டுங்கள். "பரிசுப் பொருள்" என்று கதை விடுகிறவர்களின் பெட்டியைச் சுங்கம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், தண்டமும் போடலாம்.

அங்கே தங்கி வருவதால் கிடைக்கும் விலக்கையும் பலர் பிழையாக விளங்கிவைத்திருக்கிறார்கள். அன்றே போய் அன்றே வந்தால் விலக்கு ஒன்றும் இல்லை. 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் 200 டொலர், ஆனால் சாமான் 201 டொலர் என்றாலும் அந்த விலக்கு முழுவதும் போய், முழுத் தொகைக்கும் வரி. 48 மணி நேரம் தாண்டினால் 800 டொலர், அங்கே மேலதிகமாக உள்ளதற்கு மட்டும் வரி. இரண்டிலும் சாமான் உங்களோடு வரவேண்டும், பின்னால் கூரியரில் வரக்கூடாது.

பாரவண்டிச் சரக்கு

ஆக்சில், நீள ஓனிங், முழு உருக்குச் சட்டம் போன்றவற்றுக்கு வேறு வழியில்லை. சரக்குக் கொம்பனிகள் எடை, அடர்த்தி, கையாளும் சிரமம் பார்த்து 50 இல் இருந்து 500 வரை வகுப்புப் போடுவார்கள். இலக்கம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அதோடு வீட்டுக்கு வந்தால் ஒரு கட்டணம், பின்பலகையால் இறக்கினால் ஒரு கட்டணம், முன்கூட்டி அழைத்து வந்தால் ஒரு கட்டணம். வீட்டு முகவரி கொடுக்காமல் சரக்குக் கொம்பனியின் முனையத்துக்கே போய் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். இந்த மூன்றும் ஒரே சொல்லில் இல்லாமல் போய்விடும்.

கவனிக்கவேண்டியது தரகர். கூரியரில் நீங்கள் கேட்காமலேயே தரகு வேலையைச் செய்து காசைக் கேட்பார்கள். சரக்கில் நீங்கள் ஒருவரையும் வைக்காவிட்டால் வண்டி எல்லையைத் தாண்டி, சாமான் சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்கில் இறங்கும். சில நாளுக்குப் பிறகு நாள் வாடகை ஓடத் தொடங்கும். எனவே விற்பனையாளர் ஓடரை அனுப்ப முன்பே தரகரைப் பிடித்து, அவருடைய பெயரைச் சரக்குத் தாளில் எழுத வைத்துவிடவேண்டும். தரகரின் கூலியும் சேர்ந்தால் 300 டொலர்ச் சாமானுக்குச் சரக்கு வழி அர்த்தமே இல்லை. ஆக்சில் இரண்டு, அதனோடு ஸ்பிரிங், பிரேக், சில்லு என்று ஒரே தட்டில் கட்டி வரவழைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

தீர்வையைப் பற்றி

ட்ரெயிலர் பாகங்களின் சுங்க இலக்கம் 8716.90. உடன்படிக்கையின்படி அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் செய்யப்பட்டது என்றால் தீர்வையில் விலக்குக் கிடைக்கும். அமெரிக்காவில் வாங்கியது என்பதும் அமெரிக்காவில் செய்தது என்பதும் ஒன்றல்ல. ஜாக்கி, விளக்கு, ஹப் என்று பாதிக்குமேல் வேறு நாட்டுச் சரக்கு. பெட்டியில் எந்த நாடு என்று எழுதியிருக்கிறதோ அதுவே பேசும். 2025 மார்ச்சில் கனடா பல அமெரிக்கப் பொருள்கள் மீது 25 வீத எதிர்வரி போட்டு, செப்டம்பர் 1 இல் அதில் பெரும்பகுதியை நீக்கியது. உருக்கு, அலுமினியம், வாகனங்கள் மீதானதை அப்போது நீக்கவில்லை. விற்பனையாளர் சோம்பலில் "இரும்புச் சாமான்" என்று எழுதி சுங்கப் பட்டியலில் இரும்பு, உருக்குப் பொருள்களுக்கான 73 ஆம் அத்தியாயத்து இலக்கத்தைப் போட்டால் வேறு கணக்கு விழலாம். இன்வொய்ஸில் "ட்ரெயிலர் பாகம், 8716.90, தயாரித்த நாடு இன்னது" என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்பதற்குச் செலவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். அனுப்புச் செலவு இன்வொய்ஸில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால், எல்லையைக் கடக்கும் அந்தப் போக்குவரத்துச் செலவு பெறுமதியில் சேராது. "இலவச அனுப்பல்" என்றால் அது விலைக்குள் புதைந்திருக்கிறது, அதற்கும் சேர்த்தே வரி.

இங்கேயே வாங்கவேண்டியவை

லித்தியம் பற்றரி, எரிவாயுச் சிலிண்டர், ரயர்: இந்த மூன்றுக்கும் நான் எல்லையைப் பற்றி யோசிப்பதே இல்லை. பற்றரியும் சிலிண்டரும் ஆபத்தான பொருள் என்ற வகையில் போகும். அதற்கான பொதியலும் தாளும் சேர்ந்து பொருளின் விலையை விழுங்கிவிடும். ரயர் இடத்தை அடைக்கும், எல்லா ஊரிலும் கிடைக்கும்.

பெயரிங் பற்றி ஒரு வார்த்தை. 3,500 இறாத்தல் ஆக்சிலுக்கு உள்ளே எல்68149, வெளியே எல்44649 என்ற இலக்கங்கள்தான் பெரும்பாலும். இது ட்ரெயிலருக்கென்று செய்த தனிச் சாமான் அல்ல, உலகம் முழுக்க உள்ள பொது இலக்கம். பெட்டியில் "ட்ரெயிலர் பெயரிங் செற்" என்று எழுதினால் விலை கூடுகிறது. பழையதைக் கழற்றித் துடைத்து இலக்கத்தைப் பார்த்து, பெயரிங் மட்டும் விற்கும் கடையில் கேளுங்கள். எல்லைவரை போகத் தேவையில்லை.

பூட்டிப் பார்த்துப் பொருந்துகிறதா என்று தெரியவேண்டிய சாமானும் இந்தப் பட்டியலில்தான். பிரேக் தகடு, ஹப், கப்ளர் (ஹிட்ச் பந்தின் மேல் உட்காரும் பூட்டு) எல்லாம் அங்குலம் அரைக்கால் பிசகினால் பயனில்லை. ஐந்து ஆணிச் சில்லில் ஆணிகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 4.5 அங்குலமா, 4.75 ஆ என்று கண்ணால் பார்த்துப் பிடிபடாது. பிழையாக வந்தால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கச் சுங்கத்துக்குத் தனி விண்ணப்பம் வேறு. தரகுக் காசு போனது போனதுதான். அத்தோடு 2025 ஓகஸ்ட் 29 இல் இருந்து அமெரிக்கா 800 டொலர்வரையான பொதிகளுக்குக் கொடுத்துவந்த விலக்கையும் எடுத்துவிட்டதால், அந்தப் பக்கம் போகும் பொதிக்கும் இப்போது ஒழுங்கான தாள் வேண்டும். முன்பு சும்மா ஒட்டி அனுப்பிய உத்தரவாதத் திருத்தங்கள்கூட இப்போது சிக்கல். உத்தரவாதம் முக்கியமான மின்சாதனம் என்றால் இங்கே கிளை உள்ள விற்பனையாளரிடம் பத்து இருபது வீதம் கூடக் கொடுக்க நான் தயங்குவதில்லை.

இப்போது என் கூடையில் நான்கு சாமான் இருக்கின்றன. பிரேக் காந்தம் இரண்டு, சின்னது, தபாலில் அனுப்பச் சம்மதித்த ஒரு சிறு கடையில் சொல்லியாயிற்று. பெயரிங் இங்கே எடுத்துவிட்டேன். சில்லு மறைப்புச் சோடியும் கூரை மூடியும் காற்றுப் பெட்டிகள், கூரியர் கேட்ட கட்டணத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. யூலையில் பஃபலோவில் ஒரு கலியாணம், இரண்டு இரவு தங்கவேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரம் கடந்த பிறகு காரைத் திருப்பினால் போதும். அங்கத்தைய கடையில் வாங்கி, பின் இருக்கையை மடித்து வைத்துக்கொண்டு வரலாம். மனைவியின் பெட்டிக்கு இடம் இருக்குமா என்பதை இன்னும் அவரிடம் கேட்கவில்லை.